இல்க்லி மூரின் கிண்ணக்குழிப் பாறைகள்: வயது, பொருள், பாதுகாப்பு

பதிவு 1: மேற்குச்சாரல்

அனைவருக்கும் வணக்கம். நான் வடக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கிறேன். சென்ற ஞாயிறன்று இல்க்லி ஊருக்கு மேலேயுள்ள மூர் நிலத்துக்குப் போயிருந்தேன். மூர் என்பதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: மரங்கள் இல்லாமல், முழங்கால் உயரத்துக்கு ஹெதர் புதரும் கோரையும் படர்ந்த, காற்று ஓயாமல் வீசும் மேட்டு வெளி அது. நெடுநேரம் தேடியலைந்த பிறகு 'பேட்ஜர் கல்' எனப்படும் பாறை கண்ணில் பட்டது. அதன் ஒரு முகம் முழுவதும் சிறு கிண்ணம் போன்ற குழிகள். சில குழிகளைச் சுற்றி ஒன்றோ இரண்டோ வளையங்கள் உள்ளன. சிலவற்றிலிருந்து காடிகள் கிளம்பி, பாறையின் சரிவோடு இறங்கி, வேறொரு குழியில் போய்ச் சேர்கின்றன. மனித உருவமோ விலங்கோ எழுத்தோ எதுவும் இல்லை.

என் ஐயங்கள் மூன்று. எழுத்தும் இல்லாமல், கூடவே புதைந்த பொருளும் இல்லாமல், இவற்றின் வயதை எப்படிக் கணித்தார்கள்? இவற்றின் பொருள் என்னவென்று யாராவது உறுதியாகச் சொல்லியிருக்கிறார்களா? மூன்றாவது சற்று வருத்தமானது. வேறொரு பாறையில் யாரோ குழிகளையும் வளையங்களையும் சாக்பீஸால் எடுப்பாகத் தீட்டிவைத்திருந்தார்கள். படம் எடுக்க வசதியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் மனம் ஒப்பவில்லை. அதனால் தீங்கு உண்டா?

பதிவு 2: கல்நோக்கி

நல்ல கேள்விகள், நண்பரே. வயதிலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டும் அதைத் தொட்டே வரும்.

கல்லைக் கொத்திய நாளை அந்தக் கல்லிடமிருந்தே நேரடியாகப் பெறும் முறை இங்கே கைகொடுப்பதில்லை. கரிமக் காலக்கணிப்புக்கு ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருள் வேண்டும். திறந்த வெளியில் கிடக்கும் பாறையில் அது இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் சுற்றிவளைத்துத்தான் வருகிறார்கள். முதல் வழி, செதுக்கிய கல் வேறு எதற்குள் கிடைக்கிறது என்று பார்ப்பது. இங்கிலாந்தின் வடகோடி மாவட்டமான நார்தம்பர்லாந்தின் வீட்வுட் மூரில் வெண்கலக் காலத்துக் கற்குவை ஒன்று உண்டு. அதன் விளிம்புக் கற்களில் செதுக்கப்பட்டவை இருந்தன; செதுக்கிய முகம் வெளியே தெரியாமல் உட்புறம் நோக்கியிருந்தது. ஆகவே அக்குறிகள் கற்குவைக்குப் பிந்தியவையாக இருக்க முடியாது. அதே வட்டாரத்தின் ஹன்டர்ஹியூ பாறையில் நடந்த அகழாய்வு இன்னும் தெளிவானது. நன்றாகத் தேய்ந்துபோன பழைய குறிகள் இருந்த பாறையிலிருந்து பிற்காலத்தவர் கல் உடைத்து எடுத்திருக்கிறார்கள். உடைத்ததால் வெளிப்பட்ட புது முகத்தில் வேறு கைகள் வேறு பாணியில் குறிகள் இட்டன. அதன் பிறகு அதன்மேல் கற்குவை எழுந்தது. அடுக்கைக் கீழிருந்து மேலாகப் படித்தால், முதல் குறிகள் கற்குவைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை என்பது தானாகவே விளங்கும்.

இரண்டாவது வழி, பாறையின் அடியையும் சுற்றுப்புறத்தையும் தோண்டுவது. நீங்கள் நடந்த இல்க்லி மூரிலேயே பேக்ஸ்டோன் ஓடையருகே கல் அடைப்பு ஒன்று உண்டு. செதுக்கிய பாறைகள் அதையொட்டி இருக்கின்றன. அங்கே தோண்டியபோது புதிய கற்காலப் பிற்பகுதிக்குரிய, வரிக்காடிகள் இட்ட மட்கலத் துண்டுகள் கிடைத்தன. இவற்றையெல்லாம் சேர்த்து, இக்கீறல்களின் காலத்தைப் புதிய கற்காலத்திலிருந்து வெண்கலக் காலத் தொடக்கம் வரை, அதாவது இன்றைக்குச் சற்றொப்ப 6,000 முதல் 4,000 ஆண்டுகளுக்கு முன்பு என வைக்கிறார்கள். இது ஒரு பாறையின் பிறந்த நாள் அன்று. ஒரு மரபு நீடித்த காலம். ஒரே பாறைக்குத் தலைமுறை தலைமுறையாகப் பலர் வந்து குறி சேர்த்திருக்கக்கூடும்.

பதிவு 3: நிலவியல்மாணவி

கல்லைப் பற்றி ஒரு சிறு சேர்க்கை, அண்ணா. இல்க்லியின் பாறை மில்ஸ்டோன் கிரிட் எனப்படும் பருமணல் கல். ஏறக்குறைய 32 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பேராறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் கூழாங்கற்களும் இறுகி உண்டானது. பெயருக்கு ஏற்ப, ஆலைக்கல்லாக அதை வெட்டிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தன்னினும் கடினமான கூழாங்கல்லாலோ வெண்படிகக் கல்லாலோ கொத்தினால் அது மணல் மணலாக உதிரும். உலோக உளி தேவையே இல்லை. பீட் எனப்படும் மட்கிய கருமண்ணுக்கு அடியிலிருந்து புதிதாக வெளிப்பட்ட கற்களில், குத்திய ஒவ்வொரு புள்ளியும் அம்மை கொத்தியதுபோலத் தனித்தனியாகத் தெரியும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இந்தக் கல்லில் மழைநீர் தேங்கித் தேங்கி இயற்கையாகவே குழிகள் விழும். மென்மையான இணைப்புப் பொருள் கரைந்து கூழாங்கல் கழன்ற இடமும் குழியாகும். மனிதர் கொத்திய குழி பெரும்பாலும் நான்கைந்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒழுங்கான வட்டமாக, கிண்ணத்தின் வளைவோடு இருக்கும். இயற்கைக் குழி கோணலாகவும், சில வேளை வாய் குறுகி உள்ளே அகன்றும் இருக்கும். தனியாக நிற்கும் ஒற்றைக் குழியைப் பார்த்து உடனே தீர்மானிக்காமல் இருப்பது நல்லது.

பதிவு 4: திசைகாட்டி

எனக்கு இதில் நெடுநாள் ஈடுபாடு உண்டு. பேட்ஜர் கல்லின் குழிகளை ஒரு தாளில் புள்ளிகளாகக் குறித்துப் பார்த்தபோது, கார்த்திகைக் கூட்டத்தையும் அதன் அண்டை விண்மீன்களையும் ஒத்த ஓர் அமைப்பு ஓர் ஓரத்தில் தென்பட்டது. வேளாண்மைக்குப் பருவம் அறிய வானத்தை நோக்கிய மக்கள், அதைப் பாறையில் பதிந்துவைத்தார்கள் என்று கொள்வதில் என்ன தடை? வளையங்கள் ஒளி மிகுந்த விண்மீன்களைக் குறிக்கலாம் அல்லவா?

பதிவு 5: கல்நோக்கி

திசைகாட்டி ஐயா, உங்கள் உழைப்பை மதித்தே மறுக்கிறேன்.

ஸ்காட்லாந்துக் கீறல்களை ஆராய்ந்த ரொனால்ட் மாரிஸ், தம் காலம் வரை முன்வைக்கப்பட்ட விளக்கங்களை 1979-இல் பட்டியலிட்டார், 104 வந்தன. விண்மீன் வரைபடம், நில வரைபடம், பலிக்குருதி ஏந்தும் குழி, சாயம் அரைக்கும் கலம், கனிமம் தேடியவர்கள் விட்ட அடையாளம் என்று அந்த வரிசை நீள்கிறது. 104 பேரும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர்கள் அல்லர். ஆளுக்கொரு பாறையில் பொருந்தும் சான்றைக் காட்டினார்கள். சிக்கல் அடுத்த பாறையில் தொடங்குகிறது. ஏறத்தாழ 100 குழிகள் உள்ள ஒரு முகத்தில், ஏழு புள்ளிகள் கொண்ட எந்த வடிவத்தைத் தேடினாலும் அகப்படும். எஞ்சிய 93 குழிகள் என்ன என்று கேட்டால் விண்மீன் விளக்கத்திடம் விடை இல்லை. நிகழ்தகவு நமக்குச் செய்யும் உதவியைச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

ஆகவே 1990-களில் ரிச்சர்ட் பிராட்லி போன்ற தொல்லியலாளர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். 'இந்தக் குறிக்கு என்ன பொருள்?' என்பதை ஒத்திவைத்துவிட்டு, 'இந்தக் குறி ஏன் இந்த இடத்தில்?' என்று கேட்டார்கள். நான் பல ஆண்டுகளாகப் பாறைப் பதிவுப் பணியில் தன்னார்வலனாக இருக்கிறேன். அந்த மாற்றம் என் கண்ணைத் திறந்தது என்றே சொல்வேன். ரோம்பால்ட்ஸ் மூர் முழுவதிலும், அதாவது வார்ஃப் ஆற்றுக்கும் ஏர் ஆற்றுக்கும் இடைப்பட்ட இந்த மேட்டுநிலத்தில், 400-க்கும் மேற்பட்ட செதுக்கிய கற்கள் பதிவாகியுள்ளன. இல்க்லிப் பக்கத்தில் அவற்றில் பல மூரின் உச்சியில் இல்லை. வார்ஃப் பள்ளத்தாக்குக்கு மேலே படி போல அமைந்த சமதட்டுகளில், ஓடைகள் பிறக்கும் இடங்களுக்கு அருகே திரண்டிருக்கின்றன. அருகிலேயே அதைவிட அழகான, வழவழப்பான பாறை இருந்தும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டது இடம், கல் அதன் பிறகுதான்.

பாறையின் இயல்பான வெடிப்பும் மேடுபள்ளமும்கூடச் செதுக்கியவர் கைக்கு வழி காட்டியிருக்கின்றன. காடி பெரும்பாலும் நீர் ஓடும் திசையிலேயே இறங்குகிறது. மழை நாளில் போய்ப் பாருங்கள்: கிண்ணம் நிரம்பி, காடி வழியே வழிந்து, அடுத்த கிண்ணத்தை நிரப்பும். அதற்காகத்தான் செதுக்கினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் செதுக்கியவர்கள் அதைக் கண்டிருக்காமல் இருக்க முடியாது.

பதிவு 6: வடபுலத்தான்

நார்தம்பர்லாந்திலிருந்து எழுதுகிறேன். கல்நோக்கி ஐயா சொன்ன இடத்தின் முதன்மைக்கு எங்கள் பக்கத்து ரவ்ட்டிங் லின் பாறை தக்க சான்று. சுமார் 20 மீட்டர் நீளமுள்ள, திமிங்கிலத்தின் முதுகு போன்ற மணற்கல் திட்டு அது. வடக்கு இங்கிலாந்தின் செதுக்கிய பாறைகளில் மிகப் பெரியது என்பார்கள். அருகே சிறிய அருவி ஒன்று விழுகிறது. அதன் ஓசை கேட்கும் தொலைவில் நின்று அந்த வளையங்களைப் பார்ப்பதும், நூலில் வரைபடமாகப் பார்ப்பதும் ஒன்றாகவே ஆகாது.

எங்கள் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செதுக்கிய பாறை முகங்கள் பதிவாகியிருப்பதற்கு, ஸ்டான் பெக்கன்சால் என்ற பள்ளி ஆசிரியரின் வாழ்நாள் உழைப்பு பெருங்காரணம். 1960-களிலிருந்து ஓய்வு நாட்களில் மூர் மூராக நடந்து, அளந்து, வரைந்து சேர்த்தார். அந்தத் தொகுப்பை நியூகாசில் பல்கலைக்கழகம் 2005-இல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத ஒருவர் ஒரு துறைக்கே அடித்தளம் இட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

பதிவு 7: மைப்படி

தமிழ்நாட்டில் கல்வெட்டுப் படியெடுக்கும் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். இல்க்லியில் 'ஸ்வஸ்திகா கல்' என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். நம்மவர் சிலர் அதை வைத்து இந்தியத் தொடர்பு என்று பகிர்ந்து வருகிறார்கள். நேரில் பார்த்தவர்கள் விளக்கினால் நலம்.

பதிவு 8: கல்நோக்கி

பார்த்திருக்கிறேன், ஐயா. வுட்ஹவுஸ் என்ற பாறை விளிம்பில், கம்பித் தடுப்புக்குள் இருக்கிறது. முன்னால் பளிச்சென்று தெரிவது பிற்காலத்தில் வெட்டிய நகல். உண்மையானது அதற்குப் பின்னால், மங்கிப் போய்க் கிடக்கிறது. பலரும் நகலைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நாம் அறிந்த நேர்கோட்டு ஸ்வஸ்திகமும் அல்ல அது. வளைந்து சுழலும் கைகளும், கைகளுக்கு இடையே குழிகளும் கொண்ட உருவம். அதற்கு மிக நெருங்கிய ஒப்பு வடக்கு இத்தாலியின் வால் கமோனிக்கா பள்ளத்தாக்கில் உள்ள 'கமூனி ரோஜா' எனப்படும் கீறல்கள். அவை இரும்புக் காலத்தவை. அதனால் இந்த ஒரு கல் மட்டும் மற்றவற்றைவிட மிகப் பிந்தியதாக இருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. இந்தியாவோடு இணைக்க வடிவ ஒற்றுமையைத் தவிர வேறு சான்று எதுவும் இல்லை.

பதிவு 9: மைப்படி

நன்றி. எதிர்பார்த்த விடைதான். நம் ஊர்ப் பாறைகளிலும் உரல் குழிகளும் ஆட்டக் குழிகளும் எத்தனையோ உண்டு. குழி என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை இல்க்லி இருக்கும் யார்க்ஷயரோடு உறவு சேர்க்க முடியாது. குழி தோண்டுவது மனிதர் எங்கும் செய்யக்கூடிய வேலை.

சாக்பீஸ் கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். கல்வெட்டைப் படியெடுக்கும்போது நாங்கள் கல்லை நீரால் கழுவி, நனைந்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, தாளின் மேல் மை ஒற்றுவோம். கருங்கல் அதைத் தாங்கும். மேற்குச்சாரல் பார்த்த பருமணல் கல்லோ, மாணவி எழுதியதுபோல, தேய்த்தாலே மணல் உதிர்வது. சாக்பீஸை அழுத்தும்போது மேல்தோல் பெயரும். பிறகு அதைத் துடைப்பதற்காகத் தேய்க்கும்போது மறுபடி பெயரும். கற்பாசியைச் சுரண்டினாலும் அதனோடு ஒட்டிய மணல் துகள்கள் போய்விடும்.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. சாக்பீஸ் பிடித்தவர் எதைக் குழி என்று நம்பினாரோ அதையே தீட்டுகிறார். அவர் விட்டது விட்டதுதான். அவர் தவறாகச் சேர்த்தது சேர்ந்ததுதான். அடுத்து வருபவர் பாறையைப் பார்ப்பதில்லை; முன்னவரின் கருத்தைப் பார்க்கிறார். தேய்ந்த எழுத்தின் மேல் சுண்ணாம்பு பூசி ஒருவர் தவறாக வாசித்ததை, அடுத்தடுத்து வந்தவர்கள் அப்படியே வழிமொழிந்ததை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அந்த வாசிப்பைத் திருத்த எங்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

பதிவு 10: கல்நோக்கி

ஐயா சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்க்லி மூரின் செதுக்கிய கற்களில் பலவும் 1979-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின் கீழ்ப் பட்டியலிடப்பட்டவை. அவற்றுக்குச் சேதம் விளைவிப்பது குற்றம்.

காப்பாற்றுகிறோம் என்று செய்ததே கெடுதலாக முடிந்த கதையும் இந்த ஊரில் உண்டு. பனோரமா கற்கள் என்று மூன்று கற்கள். ஏணி போன்ற கோடுகளும் அடுக்கு வளையங்களும் கொண்ட அரிய உருவங்கள் அவற்றில் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வீட்டுமனை வரப்போகிறது என்றதும் அவற்றைப் பெயர்த்து, ஊருக்குள் புனித மார்கரெட் தேவாலயத்துக்கு எதிரே வேலியிட்ட சிறு தோட்டத்தில் வைத்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். இடமாற்றத்தில் பெரிய கல் உடைந்தது. மரநிழலில் ஈரமும் பாசியும் சேர்ந்து, அன்று படத்தில் தெளிவாகத் தெரிந்த கோடுகள் இன்று தடவிப் பார்த்தாலும் தட்டுப்படாத அளவுக்கு மங்கிவிட்டன. அந்த ஏணிக் கோடுகள் தொன்மையானவையா, விக்டோரியா காலத்தில் யாரோ சேர்த்தவையா என்ற விவாதத்துக்கு இனிக் கல்லைப் பார்த்து முடிவு சொல்வது மிகக் கடினம். அதோடு அவை எந்தத் திசையை நோக்கி, எந்தச் சரிவில், எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தன என்ற செய்தியும் போயிற்று. ஒரு கல்லை அதன் இடத்திலிருந்து எடுப்பது, வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துத் தனியே வைப்பது போன்றது.

பதிவு 11: நிலவியல்மாணவி

இடம் என்று பேசும்போது ஒன்றை மறக்கக் கூடாது, அண்ணா. நாம் இன்று காணும் மூர், செதுக்கியவர்கள் கண்ட மூர் அன்று. இந்தப் பகுதியின் பீட் படிவுகளில் சிக்கிய மகரந்தத் துகள்களை அடுக்கடுக்காக எண்ணிப் பார்த்தவர்கள், பூர்ச்சம், ஓக், ஹேசல் மரங்கள் நிறைந்த காடு இங்கே இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். மக்கள் மரத்தை வெட்டியும் எரித்தும் கால்நடைகளை மேயவிட்டும் காட்டைத் திறந்தார்கள். காலநிலையும் ஈரமாகியது. மண்ணின் சத்து கரைந்து போன இடத்தில் ஹெதர் பரவியது. மட்காத தழைகள் பீட்டாகப் படிந்தன. அதாவது, இந்த மூர் கீறல்களைவிட வயதில் இளையது. 'எவ்வளவு விரிந்த காட்சி, அதனால்தான் இங்கே செதுக்கினார்கள்' என்று வியப்பவர்கள், அன்றைக்கு அந்தக் காட்சியை மரங்கள் மறைத்திருக்குமோ என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதிவு 12: கல்நோக்கி

ஒப்புக்கொள்கிறேன், தங்கையே. நான் ஐந்தாம் பதிவில் எழுதியபோது திறந்த பள்ளத்தாக்கை மனத்தில் வைத்துத்தான் எழுதினேன். காட்டில் ஒரு வெட்டவெளி, அதன் நடுவே ஒரு பாறை, அருகே நீர் ஊற்று என்று எண்ணிப் பார்த்தால் எல்லாமே மாறுகிறது. தொலைவிலிருந்து அந்தப் பாறையைக் கண்டு யாரும் வந்திருக்க முடியாது. வழி தெரிந்தவர்தான் வந்திருக்க முடியும். மேய்ச்சலுக்காகக் கோடைதோறும் மேலே ஏறிய மக்கள் அதே தடத்தில் வந்து அதே கல்லைத் தேடினார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. இது என் ஊகம், அவ்வளவுதான்.

பதிவு 13: வடபுலத்தான்

பீட் மூடிக் காப்பதற்கும் எரிந்து வெளிப்படுத்துவதற்கும் ஃபைலிங்டேல்ஸ் மூர் எடுத்துக்காட்டு. வட யார்க்ஷயர் கடற்கரையை ஒட்டிய அந்த மூரில் 2003 செப்டம்பரில் தீப்பிடித்து, ஏறக்குறைய இரண்டரைச் சதுர கிலோமீட்டர் எரிந்தது. பல இடங்களில் பீட்டும் சேர்ந்து எரிந்தது. தணிந்த பிறகு பார்த்தால், யாரும் அறியாத எத்தனையோ தொல்சின்னங்களும் செதுக்கிய கற்களும் வெளியே கிடந்தன. அவற்றுள் ஒரு கல்லில் வழக்கமான குழியும் வளையமும் இல்லை. கோணல்மாணல் கோடுகளும் கட்டங்களும் இருந்தன. அதை முப்பரிமாணமாக அலகிட்டுப் பதிந்துவிட்டு, இருந்த இடத்திலேயே மீண்டும் மூடிவிட்டார்கள்.

அப்போது அது சிலருக்கு ஏமாற்றமாக இருந்தது. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. தீயில் சுட்ட மணற்கல் ஏடு ஏடாக உரியும். மேலே மூட்டம் இல்லாமல் பனியும் மழையும் அதன்மேல் இறங்கினால் பல ஆயிரம் ஆண்டு காத்ததை நம் தலைமுறையிலேயே இழந்துவிடுவோம். வறண்ட கோடைகள் அடிக்கடி வரும் இக்காலத்தில் மூர் தீ இனி அரிய நிகழ்வாக இருக்காது என்பதே என் கவலை.

பதிவு 14: கல்நோக்கி

படம் எடுக்க விரும்புவோருக்கு: கல்லின் மேல் எதையும் இடாதீர்கள். குளிர்காலப் பிற்பகல், சூரியன் தாழ்ந்திருக்கும்போது போங்கள். ஒளி பாறையைத் தடவினாற்போல் பக்கவாட்டில் விழுந்தால், அரை மில்லிமீட்டர் பள்ளமும் நிழல் காட்டும். மேகமூட்டமாக இருந்தால் கைவிளக்கைப் பாறையோடு பாறையாகப் பிடித்து நகர்த்துங்கள். 2010 முதல் 2013 வரை ரோம்பால்ட்ஸ் மூரில் நடந்த தன்னார்வலர் பதிவுத் திட்டத்தில், ஒரே பாறையைப் பல கோணங்களில் படமெடுத்து, அவற்றைக் கணினியில் இணைத்து முப்பரிமாண உருவம் ஆக்கினார்கள். இன்று கைப்பேசியாலேயே அதைச் செய்யலாம்.

பதிவு 15: மேற்குச்சாரல்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று மூன்று மணிக்கு மறுபடி பேட்ஜர் கல்லுக்குப் போனேன். முதல் முறை நண்பகலில் பார்த்தபோது வெறும் சொரசொரப்பு என்று நினைத்து விட்ட இடங்களில் எல்லாம் குழிகள் எழுந்து நின்றன. அரை மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்; சூரியன் இறங்க இறங்க ஒவ்வொரு வளையமாகத் துலங்கி, பிறகு ஒவ்வொன்றாக இருட்டில் மறைந்தது. பாறையின் இடது கீழ்மூலையில், புல் மறைக்கும் விளிம்பில், ஒரு குழியைச் சுற்றி வளையத்தின் கால்பாகம் இருப்பதுபோல் தெரிகிறது. முதல் நாள் படத்தில் அது இல்லை. நான் வைத்திருக்கும் வரைபடத்திலும் இல்லை. புல்லை விலக்கவில்லை, தொடவும் இல்லை. படங்களை இணைத்திருக்கிறேன். இது செதுக்கியதா, இயற்கையா?

பதிவு 16: நிலவியல்மாணவி

மூன்றாவது படத்தில் அந்த வளைவுக்கு இணையாகப் பாறையின் படிவக் கோடு ஒன்று ஓடுகிறது. அதன் வெடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் குழி ஒழுங்கான வட்டம். படத்தை வைத்து உறுதி சொல்ல என்னால் இயலவில்லை.

பதிவு 17: கல்நோக்கி

எனக்கும் ஐயமே. என்னிடம் உள்ள பழைய பதிவுத் தாள்களில் அந்த மூலை 'புல் மூடியது' என்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. வரும் சனிக்கிழமை மழை இல்லையென்றால், இரண்டு மணிக்குக் கல்லருகே உள்ள பெஞ்சில் இருப்பேன். அளவுகோலும் கைவிளக்கும் கொண்டுவருகிறேன். நீங்கள் முதல் நாள் எடுத்த படங்களையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.